பழைய ஃபோர்ட்ரான் நிரல்களுக்குத் திரையை மட்டும் மாற்றினால் போதும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பொறியியல் கல்லூரிகளிலும் ஆலோசனை நிறுவனங்களிலும் பல ஆண்டுகளாகப் பயன்பட்டுவரும், ஃபோர்ட்ரான் என்ற பழைய நிரல்மொழியில் எழுதப்பட்ட கணக்கீட்டு நிரல்களை நவீனப்படுத்துவதாகச் சொல்லி, அவற்றை அடியோடு ஒதுக்கிவிட்டுப் பைத்தானிலோ ஜாவாவிலோ முதலிலிருந்து எழுதத் தொடங்குவதைப் பார்க்கிறோம். காரணம் கேட்டால் பெரும்பாலும் கிடைப்பது ஒரே பதில்தான்: கறுப்புத் திரையில் எண்களை வரிசையாகத் தட்டச்சு செய்ய இன்றைய மாணவர்களுக்குப் பொறுமையில்லை, பொத்தானும் பட்டியலும் வரைபடமும் வேண்டும். அந்த விருப்பத்தில் தவறேதும் இல்லை. ஆனால் திரை பிடிக்கவில்லை என்பதற்காகக் கணக்கையே மாற்றி எழுதுவது வீண்வேலை மட்டுமல்ல, ஆபத்தும் கூட என்பதை, நிலத்தடி நீர்க் கணக்கீட்டில் ஈடுபட்டிருப்பவன் என்ற முறையில் தங்கள் நாளிதழ் வாயிலாகச் சொல்ல விரும்புகிறேன்.

நிலத்தடி நீரோட்டத்தைக் கணக்கிடும், எங்கள் துறையில் எல்லோரும் அறிந்த மாட்ஃப்ளோ நிரலையே எடுத்துக்கொள்ளலாம். அமெரிக்கப் புவியியல் ஆய்வு நிறுவனம் 1980-களில் வெளியிட்ட இந்த நிரல் ஃபோர்ட்ரானில் எழுதப்பட்டது; 2017-இல் வந்த மாட்ஃப்ளோ 6-உம் ஃபோர்ட்ரானில்தான் இருக்கிறது. அதன் பழைய பதிப்புகளுக்கு வேண்டிய தரவுகளை, ஒவ்வோர் எண்ணுக்கும் பத்து இடம் என்ற கணக்கில் உரைக்கோப்பில் எழுதித் தர வேண்டியிருந்தது. 1250 என்ற எண்ணின் கடைசி இலக்கம் பதினோராவது இடத்தில் விழுந்துவிட்டால், நிரல் அதை 125 என்று படித்துக்கொண்டு, எந்த எச்சரிக்கையும் தராமல் கணக்கைத் தொடரும். இத்தகைய பிழைக்கு மருந்து நல்ல திரைதான். அதே நிறுவனம் 2009-இல் மாடல்மியூஸ் என்ற வரைகலை முகப்பை, அதாவது பொத்தானும் வரைபடமும் கொண்ட திரையை, வெளியிட்டது. பாஸ்கலின் வழிவந்த டெல்ஃபியில் எழுதப்பட்ட அந்த முகப்பில் பயனர் நிலப்பரப்பையும் கிணறுகளையும் வரைகிறார். அது தரவுக் கோப்புகளைத் தானே எழுதி, மாட்ஃப்ளோவைத் தனி நிரலாக ஓடவிட்டு, விடையைப் படித்து நீர்மட்டக் கோடுகளாகக் காட்டுகிறது. கணக்கு மாட்ஃப்ளோவிடமே இருக்கிறது. ஆற்று நீர்மட்டக் கணக்கீட்டுக்காக அமெரிக்க ராணுவப் பொறியாளர் படை 1995-இல் வெளியிட்ட ஹெக்-ராஸ் மென்பொருளிலும் முகப்பும் கணக்கீடும் தனித்தனிப் பகுதிகளே.

கணக்கை மாற்றி எழுதுவது ஏன் ஆபத்து என்று கேட்கலாம். பழைய ஃபோர்ட்ரான் நிரல்களில் ரியல் (தசம எண்) என்று அறிவிக்கப்பட்ட மாறிகள் பொதுவாக நான்கு பைட் அளவுள்ளவை. ஏறத்தாழ ஏழு இலக்கத் துல்லியம்தான் அவற்றுக்கு உண்டு. பைத்தானின் தசம எண்களோ எட்டு பைட்; துல்லியம் பதினைந்து இலக்கத்துக்கும் மேல். துல்லியம் கூடுவது நல்லதுதானே என்று தோன்றும். ஆயினும் ஒருமுறை கிடைத்த விடையை மறுபடி மறுபடி திருத்தி இறுதி விடையை நெருங்கும் கணக்குகளில், புதிய நிரல் வேறொரு சுற்றில் நின்று, சற்றே வேறுபட்ட விடையைத் தரக்கூடும். அந்த வேறுபாடு துல்லியத்தால் வந்ததா, எழுதியவர் எங்கோ ஒரு கூட்டல் குறியை மாற்றிப் போட்டதால் வந்ததா என்று பிரித்தறிவதற்குள் திட்டத்தின் காலம் முடிந்துவிடும். பழைய நிரலின் விடைகளோ கிணற்றில் அளந்த நீர்மட்டத்தோடு ஆண்டுக்கணக்கில் ஒப்பிட்டுப் பார்க்கப்பட்டவை.

அதற்காக, முகப்பு சேர்ப்பது எளிய வேலை என்று நான் சொல்லவில்லை. பழைய நிரல் தான் வகுத்த வரிசையில் கேள்வி கேட்டு, பதில் வரும்வரை காத்திருக்கும். வரைகலை முகப்பிலோ வரிசையை வகுப்பவர் பயனர்; அவர் எந்தப் பொத்தானை எப்போது அழுத்தினாலும் நிரல் அதற்கு ஈடுகொடுக்க வேண்டும். பதிலைப் படிக்கும் ரீட் வரிகள் துணைநிரல்களுக்குள் சிதறிக் கிடந்தால், முதலில் அவற்றைப் பொறுக்கி ஓரிடத்தில் சேர்த்தாக வேண்டும். 2003-ஆம் ஆண்டின் ஃபோர்ட்ரான் தரநிலை சி மொழியோடு இணைவதற்கு முறையான வழி வகுத்திருப்பதால், கணக்குப் பகுதியை நூலகமாக (பிற நிரல்கள் அழைத்துப் பயன்படுத்தும் தொகுப்பாக) அமைத்துப் பைத்தான் முகப்பிலிருந்து நேராக அழைக்கவும் முடியும். ஆனால் பிழை நேர்ந்தால் ஸ்டாப் என்று நிறுத்துவது பழைய நிரலாளர்களின் பழக்கம். நூலகத்துக்குள் அந்த ஒரு வரி ஓடினால் முகப்பும் சேர்ந்தே மூடிக்கொள்ளும். அதைவிட மோசம், டேட்டா வரியால் தொடக்க மதிப்புத் தரப்பட்ட மாறிகள். அந்த மதிப்பு நூலகம் நினைவகத்தில் ஏறும்போது ஒரே ஒருமுறைதான் இடப்படும். ஆகவே ‘கணக்கிடு’ பொத்தானை இரண்டாம் முறை அழுத்தும்போது, முதல் கணக்கின் மிச்சத்தோடு இரண்டாம் கணக்கு தொடங்கி, அதே தரவுக்கு வேறு விடை வரக்கூடும். எனவே மாடல்மியூஸ் செய்வதுபோல் ஒவ்வொரு முறையும் நிரலைத் தனியே ஓடவிட்டு முடிப்பதே பாதுகாப்பானது என்பது என் கருத்து. கணக்கு எவ்வளவு தூரம் நடந்திருக்கிறது என்று முகப்பில் உடனுக்குடன் காட்ட விரும்புவோர், ஃபோர்ட்ரான் பகுதியில் ஒவ்வொரு செய்திக்கும் பின் ஃப்ளஷ் கட்டளையைச் சேர்க்க வேண்டும். இல்லாவிட்டால் செய்திகள் இடையகம் என்ற தற்காலிக நினைவிடத்திலேயே தங்கி, எல்லாம் முடிந்த பிறகு மொத்தமாக வந்து விழும். முகப்பையே ஃபோர்ட்ரானில் எழுத ஜிடிகே-ஃபோர்ட்ரான் போன்ற வழிகளும் உண்டு. முடியும் என்பதற்காகச் செய்ய வேண்டியதில்லை.

அலுவலகக் கணக்குகளுக்கான கோபால் (COBOL) என்ற பழைய நிரல்மொழியில் எழுதப்பட்ட நிரல்களுக்கும் இந்த வாதத்தின் பெரும்பகுதி பொருந்தும். அங்கே கூடுதலாக ஒன்றைக் கவனிக்க வேண்டும்: நாள் முழுவதும் விசைப்பலகையைப் பார்க்காமலேயே பதிவு செய்து பழகிய ஊழியரைக் கட்டத்துக்குக் கட்டம் மவுஸைத் தேட வைத்தால், திரை அழகாக இருக்கும், வேலை மெதுவாகும். டேப் விசையும் எஃப் வரிசை விசைகளும் புதிய முகப்பிலும் முன்போலவே இயங்க வேண்டும்.

ஆகவே, இத்தகைய பணிகளுக்கு ஒப்பந்தப்புள்ளி கோரும் அலுவலகங்கள், கணக்கீட்டுப் பகுதியும் முகப்பும் தனித்தனியாக இருக்க வேண்டும், முகப்பு இல்லாமலும் கணக்கீட்டை ஓடவிட முடிய வேண்டும் என்ற இரண்டு நிபந்தனைகளைச் சேர்க்க வேண்டும். பழைய நிரல் முன்பு தந்த விடைகளைத் தரவோடு சேர்த்துப் பாதுகாத்து, புதிய ஏற்பாடும் அவற்றையே தருகிறதா என்று சோதித்த பிறகே கடைசித் தவணையை விடுவிக்க வேண்டும். கல்லூரிகளும் இறுதியாண்டுத் திட்டப்பணியாக ஒரு பழைய நிரலை வேறு மொழிக்கு மாற்றச் சொல்வதற்குப் பதிலாக, அதற்கு முகப்பு அமைக்கும் பணியைக் கொடுக்கலாம். பிறர் எழுதிய நிரலைப் படிக்கும் பயிற்சி நம் மாணவர்களுக்கு வேறெங்கும் அதிகம் கிடைப்பதில்லை.

இப்படிக்கு,
நிலத்தடி நீர் ஆய்வில் பணியாற்றும் வாசகர்,
திருச்சிராப்பள்ளி.