தவளைக் கண்காட்சிக்குக் கைகொடுத்த காட்பாடிக்காரர்களுக்கு

எங்கள் தெரு நூலகத்தில் பிள்ளைகளுக்காக நடத்திய தவளைக் கண்காட்சி நல்லபடியாக முடிந்தது. நேரில் நன்றி சொல்ல வந்தால் “அட, இதுக்கெல்லாமா?” என்று பேச்சை மாற்றிவிடுகிறீர்கள். அதனால் இந்த மடல்.

முதல் நன்றி மோட்டார் ரிப்பேர் கடை அண்ணனுக்கு. மேற்குத் தொடர்ச்சி மலை ஓடைகளில் வாழும் நடனத் தவளையைப் பற்றிச் சொல்ல வேண்டும். வேலூர் வெயிலில் ஓடைக்கு எங்கே போவது? பாலாற்றில் பெரும்பாலும் மணலைத்தான் பார்க்கிறோம். ஓடை இரைச்சலுக்குப் பதிலாக அண்ணன் இரவல் தந்த பழைய மோட்டாரைப் போட்டதும் கூடமே அதிர்ந்தது. இந்தக் கோடியில் கத்தியது அந்தக் கோடிக்குக் கேட்கவில்லை. ஆண் தவளைக்கும் இதே பாடுதான். தண்ணீர் இரைச்சலில் குரல் எடுபடாது. அதனால் பாறைமேல் உட்கார்ந்து, பின்னங்காலை நீட்டி, விரலிடைச் சவ்வை விரித்து ஆட்டுகிறது, ‘இது என் இடம், கிட்டே வராதே’ என்று. மோட்டார் ஓடும்போதே ஒரு பொடியன் தானாகக் காலைத் தூக்கி ஆட்டினான். அப்புறம் யார் பலகையைப் படிப்பது!

அந்தப் பலகையை அடித்துத் தந்த ஃப்ளெக்ஸ் கடைத் தம்பிக்கும் நன்றி. “தவளைக்குப் பக்கத்துல யார் படம் போடணும் சார்?” என்று கேட்டுவிட்டுத்தான் வேலையைத் தொடங்கினார். நடனத் தவளையில் 2014இல் ஒரே ஆய்வில் 14 புது வகைகள் சேர்ந்து மொத்தம் 24 ஆனதும், 2023இல் வெளியான உலக மதிப்பீட்டில் 2 வகை அழிவின் விளிம்பிலும் 15 வகை அதற்கடுத்த ஆபத்து நிலையிலும் இருந்ததும் பெரிய எழுத்தில் பளிச்சென்று வந்தன.

தையல்கார அக்கா குடியாத்தம் லுங்கித் துணி மிச்சத்தில் பெண் தவளை தைத்தார். ஓடையடி மண்ணைப் பின்னங்கால்களால் தோண்டி முட்டையிடும் என்று சொன்னதும், கால்களை மடக்கி நீட்டும்படி மாற்றித் தைத்தாரே, அது யாரும் கேட்காமல் அவரே செய்தது.

“நம்ம ஜவ்வாது மலையில இருக்கா?” என்று ஒரு பாட்டி கேட்டார். இல்லை, மேற்குத் தொடர்ச்சி மலையில் மட்டும்தான். பணி ஓய்வு பெற்ற வனக்காவலர் ஐயா பொறுமையாக விளக்கினார்: நிழல் மரம் போனால் ஓடை வற்றும், அணை கட்டினால் ஓட்டம் மாறும், அந்தத் தவளைக்கு வேறு போக்கிடம் கிடையாது. பாட்டி அதற்குமேலும் விடாமல் கேள்வி கேட்டது எனக்குப் பிடித்திருந்தது.

சுண்டல் தந்த வீட்டாருக்கும் நன்றி. உங்கள் பாத்திரத்தைக் கழுவி நூலகத்தில் வைத்திருக்கிறோம். சாயங்காலம் வந்து எடுத்துக்கொள்ளுங்கள்.