புள்ளி இல்லாத கதவு

வெள்ளவத்தை,
கொழும்பு

அன்பின் மச்சான்,

நானும் அம்மாவும் நலம். ஐந்து மாதமாகப் பதில் போடாதது என் பிழைதான். நீ பெரியம்மாவிடம் முறையிட்டதும் காதுக்கு வந்தது. திட்டு, ஆனால் இதைப் படித்துவிட்டுத் திட்டு.

“ஊருக்குப் போய் என்ன கிழிக்கப் போகிறாய்?” என்று விமான நிலையத்தில் கேட்டாயே, இப்போது பதில் இருக்கிறது.

தை மாதம் அம்மா பல்வலியோடு ஆஸ்பத்திரிக்குத் தனியாகப் போனார். இரண்டு மணி நேரம் வேறு வரிசையில் இருந்துவிட்டு வந்தார். மறுநாள் நானும் போய்ப் பார்த்தேன். பல் மருத்துவரின் கதவில் ‘பல சிகிச்சை’ என்று இருந்தது. லகரத்தின் மேல் புள்ளி இல்லை. “பல்லுக்கு வேறு இடம் இருக்கும் என்று நினைத்தேன்” என்றார் அம்மா. எனக்கு வயிறு எரிந்தது. 1956இல் சிங்களம் மட்டும் என்றார்கள். 1987இல் அரசியலமைப்பின் 13ஆவது திருத்தத்தோடு தமிழும் அரசகரும மொழியானது. சட்டத்தில் ஏறிய மொழி அந்தக் கதவில் ஒழுங்காக ஏறவில்லையே!

பொறுப்பாளரிடம் பேசினேன். 42 பலகைகளை நான் இலவசமாக வடிவமைப்பதாக ஏற்பாடு. தமிழ்ச் சொல் நீளம் என்பதால் எல்லோரும் அதைச் சுருக்கி அடியில் நெரிக்கிறார்கள். நான் மூன்று மொழிக்கும் எழுத்தின் உயரத்தைச் சமமாக வைத்து, தமிழுக்கு இரண்டு வரி கொடுத்தேன். தாளில் அச்சிட்டுச் சுவரில் ஒட்டி, வருகிறவர்களை வாசிக்கச் சொன்னேன். ‘கு’வின் வாலும் கீழ்வரிக் ‘கி’யின் விசிறியும் முட்டிய இடத்தில் எல்லோரும் தடுமாறினார்கள். வரி இடைவெளியைக் கூட்டினேன்.

கவலை அச்சகத்தில்தான். அங்குள்ள மென்பொருளில் தமிழை ஒட்டினால் ‘பெண்கள்’ என்பதில் கொம்பு பகரத்துக்குப் பின்னால் போய் நிற்கிறது. கணினியில் இருக்கிற சிங்களப் பையனுக்குத் தமிழ் தெரியாது. பக்கத்தில் உட்கார்ந்து கொம்பைக் காட்டினேன். “இது எங்கள் கொம்புவ அல்லவா!” என்றான். புள்ளியைக் காட்டியதும், “ஹல் கிரீம!” என்றான்; சிங்களத்தில் மெய்யெழுத்துக் குறிக்கு அதுதான் பெயர். மச்சான், அந்த நிமிடம் எனக்குக் கண் கலங்கிவிட்டது. இப்போது ஒவ்வொரு பலகைக்கும் புள்ளிகளை எண்ணிவிட்டுத்தான் அச்சுக்கு விடுகிறான்.

முதல் 10 பலகைகளின் கோப்பை உனக்கு அனுப்பியிருக்கிறேன். உன் கண் எனக்கு வேண்டும். சுவரில் ஒட்டி, எட்டு அடி தள்ளி நின்று பார். ‘பல்’லின் புள்ளி அங்கிருந்து தெரியாவிட்டால் உடனே எழுது, வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது.

அன்புடன்,
உன் மச்சான்