வாசகர் வட்டம்: செயலாளரின் ஆண்டறிக்கை, 2024–25

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, நூலகர் அவர்களே, உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

ஏப்ரல் 2024 முதல் மார்ச் 2025 வரையிலான அறிக்கையைப் பொதுக்குழு முன் வைக்கிறேன். மாதக் கூட்டம் பத்து நடந்தது. மே வெயிலும் டிசம்பர் மழையும் மீதி இரண்டைக் கொண்டுபோய்விட்டன. வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். சந்தா பாக்கிதாரர் பட்டியலை வாசிக்க வேண்டாம் என்று செயற்குழு சொல்லிவிட்டதால் சட்டைப் பையிலேயே வைத்திருக்கிறேன்.

சென்ற பொதுக்குழுவில் போட்ட தீர்மானம் நினைவிருக்கும்: பக்கத்துப் பள்ளி ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளை இணையம் வழியாக நம் கிளை நூலகத்துக்கு இழுத்து வருவது. அதைப் பற்றித்தான் அதிகம் சொல்ல வேண்டியிருக்கிறது.

ஜூனில் வாட்ஸ்அப் குரூப் தொடங்கினோம். பிள்ளைகளின் எண் வேண்டாம், பெற்றோர் எண்ணே போதும் என்று தலைமையாசிரியர் சொன்னார். சரியான யோசனை. ஆனால் ஒரே வாரத்தில் காலை வணக்கமும் கும்பாபிஷேகப் பத்திரிகையும் மனை விற்பனையும் வந்து குவிந்து, நாம் போட்ட புது நூல் பட்டியல் அடியில் போய்விட்டது. ஆகஸ்டில், அட்மின் மட்டுமே பதிவிடலாம் என்று மாற்றினோம். இரைச்சல் நின்றது, கூடவே குரூப்பும் நின்றது. நூலக வாசல் அறிவிப்புப் பலகையைக் கைபேசியில் மாட்டியதுதான் கண்ட பலன்.

செப்டம்பரில் தமிழ் விக்கிப்பீடியா பக்கம் திரும்பினோம். 2003 முதல் நடக்கிறது, யாரும் எழுதலாம், யாரும் திருத்தலாம். பள்ளி ஹைடெக் லேப்பில் ஒரு சனிக்கிழமை 28 பிள்ளைகள் உட்கார்ந்தார்கள். ஆறு பேருக்குக் கணக்குத் திறந்தது. ஏழாவது பிள்ளைக்கு மறுத்துவிட்டது. ஒரே இணைய இணைப்பிலிருந்து ஒரு நாளில் ஆறு கணக்குக்கு மேல் தொடங்க முடியாதாம். விஷமிகளைத் தடுக்கப் போட்ட விதி. முன்கூட்டியே எழுதிக் கேட்டால் விலக்குத் தருவார்கள். கேட்காதது என் பிழை, நடவடிக்கைப் புத்தகத்தில் அப்படியே பதியலாம். மற்றவர்கள் வீட்டில் அப்பா, அக்கா கைபேசியில் கணக்குத் திறந்துகொண்டு அடுத்த வாரம் வந்தார்கள். சொந்தப் பெயர், பள்ளிப் பெயர், புகைப்படம் மூன்றும் கூடாது என்று சொல்லியிருந்தோம். ஒருவன் 'கொள்ளிடத்துக் கெண்டை' ஆனான்.

முதல் திருத்தம் ஒரு மாணவியுடையது. நம் பக்கத்து ஊர் ஒன்றின் பக்கத்தில் இன்னமும் நாகப்பட்டினம் மாவட்டம் என்றிருந்தது. மயிலாடுதுறை தனி மாவட்டமானது 2020-இல். மாற்றி, வெளியிட்டுவிட்டு, அடுத்த கணினிக்கு ஓடிப்போய்ப் பார்த்தாள். "இங்கயும் மாறிடுச்சு சார்!"

நெல் பற்றி ஒரு மாணவன் எழுதிய இரண்டு பத்தி அன்று மாலையே காணாமல் போனது. புத்தகத்தைப் பார்த்து அப்படியே தட்டச்சு செய்திருந்தான். பதிப்புரிமை மீறல், உங்கள் சொந்த நடையில் எழுதுங்கள் என்று விக்கிப்பீடியாவில் அவன் கணக்குக்கென்று உள்ள பேச்சுப் பக்கத்தில் மரியாதையாகக் குறிப்பு இருந்தது. "பரீட்சையில இப்படி எழுதினா முழு மார்க் போடுறாங்க, இங்க ஏன் சார் அழிக்கிறாங்க?" என்றான். தமிழாசிரியை சிரித்தார். எங்களில் ஒருவரும் பதில் சொல்லவில்லை.

முகம் தெரியாதவர் பிள்ளைக்குச் செய்தி அனுப்புகிறார் என்று ஒரு தகப்பனார் கோபமாக வந்தார். பேச்சுப் பக்கத்தைத் திறந்து காட்டினோம். முழுவதும் படித்துவிட்டு, "இத எல்லாரும் பாக்கலாமா?" என்று கேட்டார். ஊரறியப் பேசுகிற இடம் என்றதும் சமாதானமானார். கைபேசியில் யாருக்கும் தெரியாமல் நடக்கும் பேச்சுக்கும் இதற்கும் உள்ள வேறுபாட்டை அவர் நம்மைவிடச் சீக்கிரம் பிடித்துக்கொண்டார் என்பது என் எண்ணம்.

தீர்மானம் பலித்தது நாம் எதிர்பாராத வழியில். தன் ஊர் ஏரியைப் பற்றி எழுதிய மாணவியின் வரிகளில் யாரோ 'மேற்கோள் தேவை' என்று ஒட்டிவிட்டார்கள். "எங்க தாத்தா சொன்னாரு, அது பத்தாதா?" என்றாள். பத்தாது, அச்சில் வேண்டும். அச்சைத் தேடி ஐந்து பேர் நூலகம் வந்தார்கள். குறிப்புதவி அலமாரி பூட்டியிருந்தது. சாவி யாரிடம் என்று யாருக்கும் தெரியவில்லை. மறுவாரம் நூலகர் எங்கிருந்தோ தேடி எடுத்துவந்து திறந்தார். பெ. தூரன் தலைமையில் 1954 முதல் 1968 வரை பத்துத் தொகுதிகளாக வெளிவந்த கலைக்களஞ்சியம் மேல்தட்டில், முதுகில் தூசியோடு. இரவல் கிடையாது என்பதால் தரையிலேயே உட்கார்ந்து புரட்டினார்கள். ஏரி கிடைக்கவில்லை. ஆனால் நூலகம் மூடும்வரை ஒருவரும் எழுந்திருக்கவில்லை. 1892-இல் சீர்காழியில் பிறந்த நூலகவியல் அறிஞர் ரங்கநாதன் 1931-இல் வகுத்த ஐந்து நூலக விதிகளில் மூன்றாவது, ஒவ்வொரு நூலுக்கும் ஒரு வாசகர் என்பது. பத்துத் தொகுதிக்கும் அன்றுதான் வாசகர் வந்தார்கள்.

தாத்தா சொன்னதை நாற்பது பக்க நோட்டில் எழுதி வாங்கி, உள்ளூர்ச் செய்திக் கோப்பில் வைத்திருக்கிறோம். இதுவரை நான்கு நோட்டுகள் சேர்ந்துள்ளன.

நூலகக் கணினி இரண்டில் ஒன்று ஓடவில்லை. இரண்டு மனு கொடுத்தாயிற்று, பதிலில்லை. வாட்ஸ்அப் குரூப்பைக் கலைத்துவிடலாமா என்பதைப் பொதுக்குழு முடிவு செய்யட்டும்.

குறிப்புதவி அலமாரிக்கு மாற்றுச் சாவி இரண்டு செய்த வகையில் செலவு 120 ரூபாய். ரசீது வாங்கவில்லை. ஒப்புதல் வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
செயலாளர்