சாலை தோண்டும்போதே ஃபைபர் கேபிளுக்கான பொதுக் குழாயும் பதிக்கக் கோரும் மனு

அனுப்புநர்:
டவுன், ஜங்ஷன், வண்ணார்பேட்டை, பாளையங்கோட்டைப் பகுதி வணிகர்கள் மற்றும் அலுவலகம் நடத்துவோர்,
திருநெல்வேலி.

பெறுநர்:
மாநகராட்சி ஆணையாளர் அவர்கள்,
திருநெல்வேலி மாநகராட்சி.

பொருள்: வணிக நிறுவனங்களுக்கு அதிவேக ஈதர்நெட் இணைப்பு கிடைக்க, சாலைகளின் கீழ் பொதுக் குழாய்கள் பதித்துத் தர வேண்டுதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,

வணக்கம். ஊரில் நெட்டே இல்லை என்று சொல்ல நாங்கள் வரவில்லை. வீடுகளுக்குக் கொடுக்கும் ஃபைபர் இணைப்பு தெருவுக்குத் தெரு இருக்கிறது. ஆனால் அது பலர் பங்கு போட்டுக்கொள்ளும் லைன். வழக்கமான ஜிபான் (GPON) எனும் பங்கீட்டு முறையில் ஒரே ஃபைபரை 32 பேருக்கு, சில இடங்களில் 64 பேருக்குக்கூடப் பிரிக்கிறார்கள். அத்தனை பேருக்கும் சேர்த்து டவுன்லோட் சுமார் 2.5 ஜிகாபிட், அப்லோட் அதில் பாதி. வீட்டில் படம் பார்க்க அது தாராளம். வண்ணார்பேட்டையில் ஸ்கேன் சென்டர் நடத்துபவருக்கு அது போதாது. ஒரு சிடி ஸ்கேன் என்றால் நூற்றுக்கணக்கான படங்கள். ரிப்போர்ட் எழுதும் டாக்டர் மதுரையில் இருப்பார். சாயங்கால நேரத்தில் அப்லோட் பாதியில் நின்று சுற்றிக்கொண்டே இருக்கும். வெளியே பெஞ்சில் நோயாளியின் வீட்டார் உட்கார்ந்திருப்பார்கள். ஜவுளிக்கடையிலோ "நெட்டு போயிட்டு அண்ணாச்சி, ரூவா இருக்கா?" என்று கேட்டே வியாபாரம் நடக்கிறது.

எங்களுக்கு வேண்டியது ஈதர்நெட் லீஸ்டு லைன், அதாவது ஒரு நிறுவனத்துக்கென்றே வாடகைக்குத் தரும் தனி இணைப்பு. 100 மெகாபிட்டோ 1 ஜிகாபிட்டோ, பெரிய மருத்துவமனைகளுக்கு 10 ஜிகாபிட்டோ, போகவும் வரவும் ஒரே வேகம். யாருடனும் பங்கு கிடையாது. இதற்குக் கட்டட வாசல் வரை தனி ஃபைபர் வர வேண்டும். அங்கேதான் இடிக்கிறது. மெயின் ரோட்டில் போகும் கேபிளிலிருந்து கடைசிச் சில நூறு மீட்டருக்குச் சாலை வெட்ட அனுமதியும் சீரமைப்புக் கட்டணமும் சேர்ந்து, லைனின் விலையைவிடக் குழியின் விலை கூடிவிடுகிறது. ஒவ்வொரு நிறுவனமும் தனித்தனியாகத் தோண்டினால் சாலையும் தாங்காது.

அதனால் கம்பத்துக்குக் கம்பம் கேபிளைத் தொங்கவிடுகிறார்கள். ஆனித் தேரோட்டம் வந்தால் ரத வீதிகளில் குறுக்கே போகும் கேபிள்களை அவிழ்த்தாக வேண்டும். அவிழ்க்கட்டும், நெல்லையப்பர் தேரைவிட எங்கள் லைன் பெரிதில்லை. தேர் நிலைக்கு வந்து சேர்ந்த பிறகும் லைன் வந்து சேர்வதில்லை என்பதுதான் எங்கள் குறை.

இனி பாதாளச் சாக்கடை, குடிநீர், மழைநீர் வடிகால் என எதற்காகச் சாலையைத் தோண்டினாலும், மூடுவதற்கு முன் சில 40 மி.மீ. பிளாஸ்டிக் குழாய்களைச் சேர்த்துப் பதித்து, ஆங்காங்கே கைக்குழி (கேபிளை இழுக்கவும் இணைக்கவும் மூடியுள்ள சிறு தொட்டி) விட்டுத்தர வேண்டுகிறோம். காலிக் குழாய் போதும். அப்புறம் எந்த நிறுவனமும் சாலையைத் தொடாமல் உள்ளே ஃபைபரை இழுத்துக்கொள்ளும். மாநகராட்சிக்கும் வாடகை வரும். 2023ஆம் ஆண்டின் தொலைத்தொடர்புச் சட்டமே பொதுக் குழாய்களைப் பற்றிப் பேசுகிறது. கேபிள் பதிக்க அனுமதி தருவது பற்றிய வழியுரிமை விதிகளும் 2025 ஜனவரி 1 முதல் நடைமுறையில் உள்ளன. டெண்டரில் ஒரு வரி சேர்த்தால் முடிகிற காரியம் இது. ஸ்மார்ட் சிட்டி வேலை நடந்தபோதே செய்திருக்கலாம் என்ற ஆதங்கம் எங்களுக்கு உண்டு.

தாமிரபரணி ஆற்றைக் கடக்கும் இடத்தில் கூடுதல் கவனம் வேண்டும். டவுனும் ஜங்ஷனும் ஒரு கரை, பாளையங்கோட்டை மறுகரை. இரண்டு கரைக்கும் ஒரே பாலத்தின் வழியாக மட்டும் கேபிள் போனால், அங்கே அறுந்ததும் இரண்டு பக்கமும் தவிக்கும். சுலோச்சன முதலியார் பாலத்தில் ஒரு வழி, வடக்கு பைபாஸ் பாலத்தில் இன்னொரு வழி என்று வைத்து வளையமாக இணைத்தால், ஒன்று போனாலும் மற்றது தாங்கும். 2023 டிசம்பர் வெள்ளத்தில் ஜங்ஷன் மூழ்கியதைத் தாங்கள் அறிவீர்கள். ஆகவே இணைப்புப் பெட்டிகளைத் தாழ்வான இடங்களில் வைக்காமல் மேட்டில் வைக்க வேண்டும்.

ஜேசிபி இறக்கும் ஒப்பந்ததாரர்கள் தோண்டுமுன் கேபிள், குழாய் உரிமையாளர்களுக்குத் தெரிவிக்கும் 'கால் பிஃபோர் யு டிக்' செயலியில் முன்கூட்டியே தகவல் தர வேண்டும் என்பதைப் பணி ஆணையிலேயே நிபந்தனையாகச் சேர்க்கவும் கேட்டுக்கொள்கிறோம். அறுந்த ஃபைபரை ஒட்ட, தலைமுடி அளவு இழையை ஒவ்வொன்றாகச் சுத்தம் செய்து மெஷினில் வைத்து இணைக்க வேண்டும். மழை பெய்து குழியில் தண்ணீர் நின்றுவிட்டால் அன்றைய வேலை அவ்வளவுதான்.

முதல் கட்டமாக வண்ணார்பேட்டை தெற்கு பைபாஸ் சாலையையும் டவுன் ரத வீதிகளையும் எடுத்துக்கொண்டு, பொறியியல் பிரிவைக் கொண்டு மதிப்பீடு தயாரிக்க உத்தரவிடுமாறு பணிவுடன் வேண்டுகிறோம். எந்தக் கட்டடத்துக்கு எவ்வளவு வேகம் தேவை என்ற பட்டியலைத் தாங்கள் கேட்டதும் தருகிறோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
மனுதாரர்கள்

நகல்: மாவட்ட ஆட்சியர் அவர்கள், திருநெல்வேலி.