செயலாளரின் ஆண்டறிக்கை, 2024–25

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், செயற்குழுவினருக்கும், ஞாயிற்றுக்கிழமைக் காலையை ஒதுக்கி இப்பொதுக்குழுவுக்கு வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம். பெரம்பூர் வட்டாரத்தில் ஹாக்கி ஆடியவர்களும், அவர்கள் ஆடியதைப் பார்த்து வளர்ந்தவர்களும் சேர்ந்து நடத்திவரும் நமது சங்கத்தின் ஓராண்டு நடவடிக்கைகளைத் தங்கள் பார்வைக்கு வைக்கிறேன்.

செயற்குழு ஆறு முறை கூடியது. அவற்றில் இரண்டு கூட்டங்கள் போதிய உறுப்பினர் வராமல் ஒத்திவைக்கப்பட்டன. கோடைப் பயிற்சி முகாம் வழக்கம்போல் நடந்தது. சுதந்திர தினத்தன்று கொடியேற்றி இனிப்பு வழங்கினோம். ஆகஸ்டில் பாரிஸ் ஒலிம்பிக்கில் இந்தியா ஸ்பெயினை 2–1 என்று வென்று வெண்கலம் பெற்ற ஆட்டத்தைச் சங்க அறையில் ஒன்றாகப் பார்த்தோம். அன்று ஒரு நாள் மட்டும் நாற்காலி போதவில்லை.

இனி, இவ்வாண்டின் முதன்மைப் பணிக்கு வருகிறேன். இந்திய ஹாக்கி அணியின் முன்னாள் தலைவர் தன்ராஜ் பிள்ளையின் ஆட்ட வாழ்க்கையைத் தொடக்கம் முதல் இறுதிவரை ஆவணப்படுத்தி, மாதம் ஒரு மாலைக் கூட்டமாக நடத்துவதென்று சென்ற ஜூனில் தீர்மானித்தோம். தீர்மானத்தை முன்மொழிந்தவன் நான். வழிமொழிந்தவர் அதன்பின் ஒரு கூட்டத்துக்கும் வரவில்லை. தமிழ்நாட்டிலேயே டோக்கியோ ஒலிம்பிக்கில் தங்கம் வென்ற பீட்டரும், 1975 உலகக் கோப்பை அணியில் ஆடிய பிலிப்ஸும், மாஸ்கோ ஒலிம்பிக் தங்கத்துக்குத் தலைமை தாங்கிய பாஸ்கரனும் இருக்கையில், புனேக்காரரை எதற்காகத் தூக்கிப் பிடிக்க வேண்டும் என்று மூத்த உறுப்பினர் ஒருவர் கேட்டார். கேள்வி நியாயமானதுதான். ஆனால் தன்ராஜ் புனேயை அடுத்த கட்கியில் தமிழ்ப் பெற்றோருக்குப் பிறந்தவர்; ஆயுதத் தொழிற்சாலை மைதானத்தைப் பராமரிக்கும் வேலை பார்த்தவர் அவருடைய தந்தை; அந்தக் குடியிருப்பின் புழுதியில், பிறர் உடைத்துப் போட்ட மட்டைகளையும் கழித்த பந்துகளையும் கொண்டு ஆடக் கற்றவர் அவர். இதைவிட நம் சங்கத்துக்கு நெருக்கமான கதை எது என்று எனக்குத் தெரியவில்லை.

முதல் மாலைக்காக, முகாமில் ஒரு பையன் உடைத்த மட்டையை நானே கேட்டு வாங்கி, உடைந்த இடத்தில் பசை தடவி, சணற்கயிற்றை நெருக்கமாகச் சுற்றி, ஈரத்துணியால் இறுக்கிக் காயவைத்து மேசைமேல் வைத்தேன். வந்த சிறுவர்கள் அதைக் கையில் எடுத்துப் பார்த்தார்கள். சுற்றின இடத்தில் கனம் கூடிவிடுவதால், மட்டையின் தலை கைக்குத் தாமதமாகவே திரும்பும். ஹாக்கி மட்டையின் இடப்பக்கம் மட்டுமே தட்டை. வளைந்த பின்பக்கத்தால் பந்தைத் தொடக் கூடாது. அதனால் பந்தை வலமிருந்து இடமாகவும் இடமிருந்து வலமாகவும் இழுத்துக்கொண்டு ஓடுகிறவர், ஒவ்வொரு முறையும் மணிக்கட்டால் மட்டையைக் கவிழ்த்துத் திருப்ப வேண்டும். அப்படிப்பட்ட மட்டையில் இதைப் பழகியவனுக்கு நல்ல மட்டை கிடைத்தால் என்ன ஆகும் என்பதை, தன்ராஜின் பழைய ஆட்டப் பதிவைப் போட்டுக் காட்டியபோது சிறுவர்கள் தாமாகவே புரிந்துகொண்டார்கள். கயிறு 30 ரூபாய், கணக்கில் சேர்க்கவில்லை.

அடுத்தடுத்த மாலைகளில், 1989இல் டெல்லி ஆசியக் கோப்பையில் அவர் இந்திய அணிக்குள் வந்தது முதல் 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக் வரையிலான பதினைந்து ஆண்டுகளை வரிசையாகப் பார்த்தோம். நான்கு ஒலிம்பிக், நான்கு உலகக் கோப்பை, நான்கு சாம்பியன்ஸ் டிராபி, நான்கு ஆசிய விளையாட்டு என்று நான்கு நான்காக அமைந்த அந்த வாழ்க்கையில், ஒலிம்பிக் பதக்கம் மட்டும் ஒன்றுகூட இல்லை. 1996 டிசம்பரில் நம் எழும்பூர் மேயர் ராதாகிருஷ்ணன் மைதானத்தில் நடந்த சாம்பியன்ஸ் டிராபியில் இந்தியா நான்காவது இடம் பெற்றதை நேரில் பார்த்த உறுப்பினர்கள் சிலர், அந்த மாலையில் மட்டும் தவறாமல் வந்து, ஆளுக்கொரு விதமாக நினைவுகூர்ந்தார்கள். சிட்னி ஒலிம்பிக்கில் போலந்துக்கு எதிராக 1–0 என்று முன்னணியில் இருந்துவிட்டு, ஆட்டம் முடியும் தறுவாயில் ஒரு கோலை விட்டுக்கொடுத்து அரையிறுதியை இழந்த ஆட்டத்தை மீண்டும் போட வேண்டாம் என்று ஒருவர் எழுந்து வெளியே போய்விட்டார். இருபத்து நான்கு ஆண்டுகள் ஆகியும் அது ஆறவில்லை.

பாங்காக்குக்குத் தனி மாலை ஒதுக்கினேன். 1998 ஆசிய விளையாட்டில் தன்ராஜின் தலைமையில் இந்தியா இறுதியாட்டத்தில் தென்கொரியாவைப் பெனால்டி ஸ்ட்ரோக்கில் வென்று, 1966க்குப் பிறகு முதன்முறையாகத் தங்கம் பெற்றது. அதன்பின் அறிவிக்கப்பட்ட அணியில் தலைவரான தன்ராஜையும் மேலும் சில மூத்த வீரர்களையும் காணவில்லை. ஓய்வு தரப்பட்டிருப்பதாகக் காரணம் சொல்லப்பட்டது. வீரர்களுக்கான வசதி குறித்தும் படித்தொகை குறித்தும் அவர் வாய்திறந்து பேசியதுதான் உண்மையான காரணம் என்று பலரும் கருதினார்கள். பிப்ரவரிச் செயற்குழுவில் ஓர் உறுப்பினர், ‘செயலாளருக்கும் கொஞ்சம் ஓய்வு கொடுக்கலாமே’ என்று அன்போடு கூறியதை இங்கே குறிப்பிடுவதில் எனக்கு வேறு நோக்கம் எதுவும் இல்லை.

இப்பணியில் நான் தோற்ற இடத்தையும் சொல்லிவிட வேண்டும். அவர் அடித்த கோல்கள் அனைத்தையும் ஆண்டு, எதிரணி, மைதானம் வாரியாக ஒரே அட்டவணையில் எழுதிச் சுவரில் மாட்டுவது என் திட்டமாக இருந்தது. முடியவில்லை. அவர் ஆடிய சர்வதேச ஆட்டங்கள் 339 என்பதில் ஐயமில்லை. ஆனால் எத்தனை கோல் என்பதற்கு அன்றைய இந்திய ஹாக்கிக் கூட்டமைப்பு முறையான பதிவேடு வைத்திருக்கவில்லை. 170க்கு மேல் என்பது அவரும் புள்ளிவிவர ஆர்வலர்களும் சொல்லும் கணக்கு. கோல் அடிப்பதையே வேலையாகக் கொண்ட ஓர் ஃபார்வர்டின் வரவுப் பக்கத்தையே எழுதாமல் விட்ட நாடு நம்முடையது. எனவே அட்டவணையில் உறுதியாகத் தெரிந்தவற்றை மட்டும் மையால் எழுதி, மற்ற கட்டங்களை வெறுமையாக விட்டிருக்கிறேன். கட்டம் போட்ட வெள்ளைத்தாளுக்கா இவ்வளவு செலவு என்று கேட்டவர்களுக்கு, அந்த வெள்ளைத்தாள்தான் இவ்வாண்டு நாம் கண்டுபிடித்தது என்பதே என் பதில்.

முதல் மாலைக்கு நாற்பது பேருக்குக் குறையாமல் வந்தார்கள். மார்ச் மாத மாலைக்கு, தேநீர் கொண்டுவந்தவரையும் சேர்த்துப் பதினொருவர். வாட்ஸ்அப் குழுவில் கட்டைவிரலை உயர்த்துகிறவர்கள் அனைவரும் படியேறி வந்திருந்தால் அறை நிறைந்திருக்கும்.

வரவு செலவைப் பொறுத்தவரை, சென்ற ஆண்டு இருப்பும் இவ்வாண்டுச் சந்தாவும் நன்கொடையும் சேர்ந்த வரவு, அறை வாடகை, மின்கட்டணம், முகாம், மாலைக் கூட்டங்கள் ஆகியவற்றின் செலவுக்கு ஏறத்தாழச் சரியாக இருந்தது. ஏறத்தாழ என்ற சொல்லுக்கான விளக்கத்தைப் பொருளாளர் தனியே தருவார். உறுப்பினர்களில் பாதிப் பேருக்கு மேல் இவ்வாண்டுச் சந்தா செலுத்தவில்லை. மூன்றாண்டு நிலுவை உள்ளவர்களும் இருக்கிறார்கள். அவர்களுள் சிலர் சங்கச் செலவைப் பற்றி மிக விரிவாகக் கேள்வி எழுப்புகிறவர்கள். பெயர்களைப் படிக்க வேண்டாம் என்று தலைவர் கேட்டுக்கொண்டதால் படிக்கவில்லை. பட்டியல் என் கைப்பையில் இருக்கிறது.

அறையைக் குறைந்த வாடகைக்குத் தரும் உரிமையாளருக்கும், முகாமுக்குப் பந்துகள் வழங்கிய அன்பருக்கும், பழைய செய்தித்தாள் நறுக்குகளைக் கொடுத்து உதவிய உறுப்பினரின் துணைவியாருக்கும், தணிக்கையாளருக்கும் சங்கத்தின் நன்றி உரியது.

வரும் 2025 நவம்பர் இறுதியில் ஆடவர் ஜூனியர் உலகக் கோப்பை சென்னையிலும் மதுரையிலும் 24 அணிகளுடன் நடக்க இருக்கிறது. நம் முகாம் பிள்ளைகளை எழும்பூருக்கு அழைத்துச் சென்று காட்ட வேண்டும் என்பது என் விருப்பம். பேருந்துக்கும் சாப்பாட்டுக்கும் இப்போதைய இருப்பு போதாது. அடுத்த ஆண்டும் இப்பொறுப்பில் நீடிக்க எனக்குத் தனிப்பட்ட ஆசை கிடையாது. தகுதியுள்ள எவரும் முன்வந்தால், பதிவேடுகளையும் அட்டவணையையும் கயிறு சுற்றிய மட்டையையும் இன்றே ஒப்படைக்கிறேன். எவரும் முன்வராத நிலையில், பழைய பாக்கிகளாவது வந்தால்தான் என்னால் எதையும் செய்ய முடியும்.

பொருளாளர் ரசீதுப் புத்தகத்துடன் வாசலருகே உட்கார்ந்திருக்கிறார். தேநீர் அவரைத் தாண்டிய மேசையில் வைக்கப்பட்டுள்ளது.

செயலாளர்