காகித உறைக்குள் ஆறு பாட்டில்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வெளிநாட்டில் வாழும் பிள்ளைகளிடம் சில மாதங்கள் வந்து தங்கும் பெற்றோரின் தனிமையைப் பற்றிச் சென்ற ஞாயிறு இணைப்பில் வெளியான கட்டுரையை இரண்டு முறை படித்தேன். பகலெல்லாம் பூட்டிய வீட்டில் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் அவர்களின் நிலையைக் கட்டுரையாளர் சரியாகவே சொல்லியிருக்கிறார். ஆனால், ஒயின் ருசி பார்க்கும் கூட்டங்களுக்கு வயதான தாய் தந்தையரை அழைத்துப் போவது அவர்களைச் சங்கடத்துக்கு உள்ளாக்கும் என்று அவர் எழுதியிருப்பதை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. மூன்று வாரங்களுக்கு முன் அப்படி ஒரு மாலைக்கு என் அப்பாவை அழைத்துச் சென்றவள் என்ற முறையில் இதை எழுதுகிறேன்.

அப்பா கோத்தகிரிப் பக்கம் ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் 31 ஆண்டுகள் தூள் தயாரிப்பைக் கவனிக்கும் டீமேக்கராக இருந்து ஓய்வு பெற்றவர், மதுவைத் தொட்டதில்லை. அடிலெய்டில் எங்கள் பக்கத்து வீட்டுக்காரர் மாதம் ஒரு முறை நண்பர்களை அழைத்து, ஆறு ஒயின் பாட்டில்களைப் பழுப்புக் காகித உறைக்குள் மறைத்து, உறைமேல் எண்ணை மட்டும் எழுதி வைப்பார். இன்ன திராட்சை, இன்ன ஊர், இன்ன விலை என்று அறியாமலே ருசித்துவிட்டுக் கடைசியில்தான் உறையைப் பிரிப்பார்கள். அப்பா குடிக்க மாட்டாரே என்று நான் தயங்கியபோது, துப்புவதற்கு வாளி வைத்திருக்கிறேன், யாரும் விழுங்க வேண்டியதில்லை என்றார் அவர். அப்பாவுக்குத் துப்புவது புதிதல்ல. வரிசையாக வைத்த கிண்ணங்களில் உறிஞ்சித் துப்பித்தான் அன்றன்றைய தூளை அவர் இத்தனை ஆண்டுகளும் தரம் பார்த்தார்.

உறையிடுவது வெறும் விளையாட்டு அல்ல. பிரான்சின் போர்தோவில் வெள்ளை ஒயினில் சுவையற்ற சிவப்புச் சாயம் கலந்து ஒயின் கல்வி பயிலும் 54 மாணவர்களுக்குக் கொடுத்தபோது, அவர்கள் அதைச் சிவப்பு ஒயினுக்குரிய சொற்களாலேயே வர்ணித்தார்கள் என்று 2001-இல் வெளியான ஆய்வு சொல்கிறது. அவர்களின் மூக்கைக் கண் ஏமாற்றிவிட்டது. அப்பாவுக்கு இதை நான் சொல்ல வேண்டியிருக்கவில்லை. ஒவ்வொரு கோப்பையையும் முகரும்போது அவர் தாமாகவே கண்ணை மூடிக்கொண்டார்.

முதல் கோப்பையைச் சர்ரென்று சத்தமாக அவர் உறிஞ்சியதும் எனக்கு முகம் சுருங்கியது. ஆனால் பக்கத்து வீட்டுக்காரர் எழுந்து வந்து, ஒயினோடு காற்றையும் இழுத்தால்தான் மணம் தொண்டை வழியாக மூக்குக்கு ஏறும், இதைத்தான் நாங்கள் எல்லாருக்கும் சொல்லிக் கொடுக்கிறோம் என்றார்.

இரண்டாவதை முகர்ந்ததும் அப்பா கோப்பையைத் தள்ளி வைத்து, “மண்ணெண்ணெய் வாசம். இது கெட்டுப்போன சரக்கு” என்றார். தேயிலை பக்கத்தில் உள்ள வாடையையெல்லாம் இழுத்துக்கொள்ளும் என்பதால், இந்த வாசம் வந்த தூளை அவர் தொழிற்சாலையில் ஒதுக்கிவிடுவாராம். உறையைப் பிரித்தபோது அது இங்குள்ள கிளேர் பள்ளத்தாக்கின் ரீஸ்லிங் என்ற திராட்சையில் செய்த பழைய வெள்ளை ஒயின்; பாட்டிலுக்குள் ஆண்டுகள் செல்லச் செல்ல அந்தத் திராட்சைக்கு வருகிற மணமே அதுதான். அவருடைய தீர்ப்பு தவறாகிவிட்டது, மூக்கு மட்டும் தவறவில்லை. நான்காவதைக் கசக்கிறது என்று மற்றவர்கள் சொன்னபோது அப்பா மறுத்தார். கசப்பு நாக்கில் தங்கும், இது ஈறையும் கன்னத்தையும் இழுக்கிறது, ஆகவே துவர்ப்பு என்றார். ஒயினில் உள்ள டானின் என்ற துவர்ப்புப் பொருள் எச்சிலில் உள்ள புரதத்தைப் பற்றிக்கொள்வதால் வரும் அந்த இழுப்பை அவர்களுக்கு விளக்க நான் பல சொற்களைத் தேட வேண்டியிருந்தது. நம் அறுசுவையில் அதற்கு ஒரே சொல் போதும்.

மூன்றாவது கோப்பைதான் இந்தக் கடிதத்துக்குக் காரணம். “மிளகு. ரசத்துக்கு அப்பத்தான் தட்டிப்போட்ட மிளகு” என்றார் அப்பா. எனக்கு அப்படி எதுவுமே தெரியவில்லை. உறைக்குள் இருந்தது விக்டோரியா மாநிலத்தின் கிராம்பியன்ஸ் பகுதி ஷிராஸ் என்ற சிவப்பு ஒயின். அந்த மணத்துக்குக் காரணமான ரோட்டண்டோன் என்ற பொருளை எங்கள் அடிலெய்டிலேயே உள்ள ஆஸ்திரேலிய ஒயின் ஆய்வு நிறுவனத்தினர் கண்டறிந்து 2008-இல் வெளியிட்டார்கள்; கருமிளகிலும் இருப்பது அதே பொருள்தான்; ஏறக்குறைய ஐந்தில் ஒருவரால் அதை முகரவே முடிவதில்லை. பக்கத்து வீட்டுக்காரர் இதைச் சொன்னபோது நான் அப்பாவைப் பார்த்தேன். சிறுவயது முதல் ஒரே அடுப்படியில் ஒரே ரசத்தை ஊற்றிச் சாப்பிட்டிருக்கிறோம். எனக்கு அதில் காரமும் வேறு சில வாசனைகளும் மட்டுமே எட்டியிருக்கின்றன போலும். அவர் முகர்ந்த மிளகு வேறாக இருந்திருக்கிறது. என் 42-ஆவது வயதில்தான் அது எனக்குத் தெரிய வந்தது.

இங்கு வந்த நாள் முதல் சாலையைக் கடப்பதிலிருந்து துணி துவைக்கும் இயந்திரம் வரை எல்லாவற்றையும் அப்பாவுக்கு நானே சொல்லிக் கொடுத்துவந்தேன். அன்று மாலைதான் முதன்முறையாக அவர் சொல்ல, நான் கேட்டுக் குறித்துக்கொண்டேன். இதில் அவருக்குச் சங்கடம் எங்கே இருக்கிறது என்று கட்டுரையாளர் எனக்கு விளக்க வேண்டும்.

அடுத்த மாதக் கூட்டத்தில் ஒயின் இல்லை. ஊரிலிருந்து கொண்டுவந்த ஆறு வகைத் தூளையும் அப்பா உறையிட்டு எண் எழுதி வைத்துவிட்டார். 100 மில்லி வெந்நீருக்கு 2 கிராம், 6 நிமிடம் என்று பக்கத்து வீட்டுக்காரருக்குச் சொல்லும்படி என்னிடம் இரண்டு முறை நினைவூட்டியிருக்கிறார். எந்த எண்ணில் எந்தத் தூள் என்பதை எனக்கும் சொல்ல மறுக்கிறார்.

இப்படிக்கு,
தங்கள் வாசகி,
அடிலெய்டு, ஆஸ்திரேலியா