பொண்ணு குட்டையில்லை, நீ நின்ற இடம்தான் கோளாறு

மாப்ளே,

இங்கே எல்லாரும் சௌக்கியம். அம்மாவின் முழங்கால் வழக்கம்போல. பதில் போடத் தாமதமானதற்குத் திட்டாதே, முகூர்த்த மாசம் உனக்குத் தெரியாததா?

ரிசப்ஷன் படங்களைப் பார்த்தேன். "எங்க பொண்ணை ஏன் இப்படிக் குட்டையாக் காட்டியிருக்கீங்க" என்று அவர்கள் சண்டைக்கு வந்ததில் தப்பே இல்லை. நீ என்னடா என்றால் லென்ஸ் மாற்றலாமா என்று கேட்கிறாய். லென்ஸ் பாவம், அது என்ன பண்ணும்? 35 எம்எம் லென்ஸை மாட்டிக்கொண்டு 2 மீட்டரில், கண் உயரத்திலிருந்து கேமராவைக் கீழே சாய்த்திருக்கிறாய். கேமரா ஒன்றரை மீட்டர் உயரம், சாய்வு 18 டிகிரி என்று வைத்துக் கணக்குப் போடு: பாதத்தைவிடத் தலை கிட்டத்தட்ட கால் பங்கு பெரிதாக விழும். அதே உயரத்தில் 5 மீட்டர் தள்ளிப் போனால் வித்தியாசம் 4 சதவீதம்தான். அந்தத் தூரத்தில் ஃபுல் ஃபிரேமில், அதாவது பழைய ஃபிலிம் அளவு சென்சாரில், ஆளை நிரப்ப 85 எம்எம் வேண்டும். 50 என்றால் 3 மீட்டர். 85 உன்னிடம்தான் இருக்கிறது. என்னுடையது. பீரோவில் வைத்துப் பூஜை பண்ணவா வாங்கிக்கொண்டு போனாய்?

மண்டபத்தில் இடம் எங்கே என்பாய். பின்னால் போக முடியாவிட்டால் கீழே இறங்கு. லென்ஸ் எதிரே நிற்பவர்களின் தொப்புளுக்கு நேராக வரணும், கேமரா முன்பின் சாயாமல் நிற்கணும். திரையில் லெவலைப் போட்டுக்கொள், இடவலச் சாய்வோடு முன்பின் சாய்வையும் பார். வாத்தியார் அந்தப் பழைய யாஷிகா கேமராவை வயிற்றில் வைத்துக் குனிந்து பார்ப்பாரே, அவர் எடுத்ததில் யாராவது குட்டையாக விழுந்தார்களா? இப்போது திரையே மடங்குகிறது, தொப்பையைச் சாக்குச் சொல்லாதே. ரொம்பவும் இறங்கிவிடாதே. முழங்காலுக்குக் கீழிருந்து அண்ணாந்து எடுத்தால் கால் நீளும், தலை சிறுத்துப்போகும், மூக்குத் துவாரம்தான் முதலில் தெரியும்.

இறங்கவே முடியாத நெரிசலா? 24-ல் கொஞ்சம் தள்ளி நின்று, சாய்க்காமல் நேராக எடு. மேலே வரும் சீலிங்கை அப்புறம் வெட்டிவிடலாம். கேமராவைச் சாய்க்காமல் லென்ஸை மட்டும் நகர்த்தும் ஷிஃப்ட் லென்ஸ் செய்வதும் இதேதான். உனக்குப் பிக்சல் மட்டும் நஷ்டம்.

எடுத்து முடித்ததற்கு வருவோம். படம் திருத்தும் லைட்ரூமில் முதலில் லென்ஸின் வளைவைச் சரிசெய்யும் லென்ஸ் ப்ரொஃபைல், பிறகு சாய்வை நிமிர்த்தும் டிரான்ஸ்ஃபார்ம். தூண் தெரிகிற படத்தில், நாம் போடும் கோட்டை வைத்து நிமிர்த்தும் கைடட் எடுத்து, இரண்டு தூண் விளிம்பிலும் ஒவ்வொரு கோடு போடு. தூண் இல்லையென்றால் வெர்டிகல் ஸ்லைடரை பிளஸ் பக்கம் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளு. அடிப்பக்கம் விரியும், கால் சரியாகும். உடம்பு அகலமாகிவிட்டதா என்று கண்ணை நம்பாதே. பின்சுவரில் வட்டக் கடிகாரம் இருக்கிறதே, அது முட்டை வடிவமானால் அகல உயர விகிதத்தை மாற்றும் ஆஸ்பெக்ட்டை நகர்த்தி வட்டமாக்கு. அடி விரிகிற வேகத்தில் கீழ் மூலைகள் வெளியே போகும். அவள் ஓரத்தில் நிற்கும் படங்களில் புடவைக் கரை வெட்டுப்படும். சுற்றி இடம் விட்டு எடு என்று தலையில் அடித்துக்கொள்வது இதற்குத்தான்.

இதெல்லாம் ஒரே தளத்தில் இருப்பதை மட்டும்தான் நிமிர்த்தும். கேமராப் பக்கம் நீட்டிய கை, முன்னால் சாய்ந்த தலை எல்லாம் நீ கிட்டே நின்றதால் பெருத்தவை. அவற்றை எந்த ஸ்லைடரும் குறைக்காது. மாலை நீட்டும் படத்தைத் தூக்கிப் போடு. படத்தை ரப்பர் மாதிரி இழுக்கும் லிக்விஃபையில் காலை மட்டும் இழுக்கலாம் என்று ஆரம்பிக்காதே, சின்னவன் அப்படி இழுத்துத் தரை டைல்ஸெல்லாம் அலை அடித்த கதை போதும். குரூப்பில் ஓரத்தில் அகலமாகிப்போன சித்தப்பாவுக்கு டிஎக்ஸ்ஓ வியூபாயிண்ட் என்ற சாஃப்ட்வேரில் தனி வழி உண்டு. ஆள் ஒல்லியாவார், பின்னால் நேர்க்கோடு இருந்தால் வளையும். அடுத்த முறை குண்டானவர்களை நடுவில் நிறுத்து.

விளையாட்டை விடு. அந்தப் பெண் இனி ஆயுசு முழுக்க அந்த ஆல்பத்தைத்தான் புரட்டப்போகிறாள். தன் உடம்பே இப்படித்தான் என்று நம்பிவிடுவாள். காசு திருப்பிக் கேட்பதைவிட எனக்கு அதுதான் உறுத்துகிறது.

ஆல்பம் பிரிண்ட் போட லேபுக்கு இன்னும் போகவில்லையென்றால் நிறுத்து. மேடைப் படங்களின் ரா ஃபைலை, கேமரா சுருக்காமல் பதிந்த மூலத்தை மட்டும், கிராப் பண்ணாமல் அனுப்பு. ஜேபெக் அனுப்பினால் திறக்கவே மாட்டேன்.

உன்
மச்சான்